சபாக் வட்டாரத்தில் வாடகை வீடு: கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூர் பாணியில் ‘ஓர் அறை அபார்ட்மெண்ட்’ என்று சபாக்கில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெர்னாம் ஆற்றங்கரைப் பட்டணமான இங்கு வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தாமான் வரிசை வீடுகள், கம்பத்து வீடுகள், கடைவீட்டு மேல்மாடி அறைகள். ஒற்றை அறைகள் வேண்டுமென்றால் தெற்கே பெஸ்தாரி ஜெயா, பூஞ்சாக் ஆலாம் பக்கம் போக வேண்டும். அங்கே பல்கலைக்கழக வளாகங்கள் இருப்பதால் மாணவர்களும் அதே அறைகளுக்குப் போட்டியிடுவார்கள்.

அதிகம் தவிப்பது லயத்தை விட்டு வெளியேறும் குடும்பங்கள்தான். தோட்ட நிர்வாகம் தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் வரையறுக்கிறது. வேலை முடிந்த பிறகும் அந்தக் கூரை நமக்குண்டு என்று அது சொல்லவில்லை. 60 வயதில் ஓய்வு பெறப் போகிறவர், குறைந்தது ஆறு மாதம் முன்பே வீடு பார்க்கத் தொடங்குவது நல்லது.

முதல் நாளிலேயே பெருந்தொகை போகும். இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வாடகை, அதோடு முதல் மாத வாடகை என்பது வழக்கம். மாதம் 500 ரிங்கிட் வீட்டுக்கு மொத்தம் 1,750 ரிங்கிட் ஆகும். இது சட்டம் அல்ல, வழக்கம்தான். பேசிக் குறைக்கலாம், தவணை கேட்கலாம்.

வாய்ப்பேச்சில் குடியேறுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒப்பந்தம் எழுதி, 30 நாள்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி செலுத்த வேண்டும். ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரி முதல் இல்லை. ஆனாலும் 500 ரிங்கிட் வாடகைக்கான ஓராண்டு ஒப்பந்தத்துக்கு வரி 24 ரிங்கிட்தான். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வைப்புத்தொகை திரும்ப வராதபோதுதான் அந்த 24 ரிங்கிட்டின் அருமை தெரியும்.

வாடகைக் காலம் முடிந்தும் குடியிருப்பவரை, நீதிமன்ற நடவடிக்கை இல்லாமல் உரிமையாளர் தாமே வெளியேற்ற முடியாது. 1950-ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம் 7-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பூட்டை மாற்றுவேன் என்று மிரட்டினால் பயந்து மூட்டை கட்ட வேண்டாம்.

‘இந்தியர்களுக்கு இல்லை’ என்ற பதிலும் வரும். வாடகையில் இன பேதத்தைத் தடுக்கும் தனிச் சட்டம் நாட்டில் இன்னும் இல்லை. அதனால் விளம்பரத்தைவிட கோயில், தமிழ்ப்பள்ளி, சாப்பாட்டுக் கடை வழியாக விசாரிப்பதே பலருக்குக் கைகொடுக்கிறது. கௌரவமான வழி இல்லைதான், ஆனால் வீடு கிடைக்கிறது.

சிலாங்கூர் மாநில அரசின் ஸ்மார்ட் சேவா திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான இதில், பின்னர் வீடு வாங்கும்போது கட்டிய வாடகையில் 30 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் வட்டாரத்தில் காலி வீடு உண்டா என்று விசாரியுங்கள்.

சபாக், சுங்கை பெசார் கரையோரப் பகுதிகளில் கடல் பெருக்கு வரும். சுவரின் கீழ்ப்பகுதியில் நீர்த்தடம் இருக்கிறதா என்று பாருங்கள், அக்கம்பக்கத்தாரிடமும் கேளுங்கள். பழைய மின்சார, தண்ணீர் பில்களில் பாக்கி இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தை நீட்டுங்கள்.