கள்ளுக்காசு எங்கே போச்சு? சேலம், 1937

போன மாசம் எங்க வீட்டில் ஒரு சின்னச் சண்டை. ஏற்காட்டில் ரெண்டு நாள் தங்கலாம்னு நான் ரூம் பார்த்து வைத்திருந்தேன். வாடகையைக் கேட்டதும் அம்மா, "அந்தக் காசுக்கு ஒரு மாச மளிகை வாங்கிடலாம் கண்ணு, காலைல போயிட்டு பொழுதோட வந்துட்டா ஆகாதா?" என்றார். ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு எவ்வளவு செலவழிக்கலாம், அதை யார் முடிவு செய்வது? எங்க மாவட்டத்தில் ஒருகாலத்தில் அரசாங்கமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இறங்கியது. அதைப் பற்றி எடுத்து வைத்திருந்த குறிப்புகளை இங்கே கோர்த்துப் போடுகிறேன்.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார் (முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள்). அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மட்டும் மதுவிலக்கு. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பெரிய சேலம் அது. ஏன் சேலம்? அவர் வக்கீலாக இருந்த ஊர், நகராட்சித் தலைவராக இருந்த ஊர். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். கல்கி அங்கேதான் அவரோடு வேலை பார்த்தார். அதற்கும் முன்னால், 1921-ல், கள் இறக்கக்கூடாது என்று பெரியார் தன் தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்த தாதம்பட்டியும் சேலம்தான்.

இதில் கவனிக்கவேண்டியது பணம். கள்ளுக்கடைகளை அரசாங்கம் ஏலம் விட்டது, கள் இறக்கும் மரத்துக்கு வரி போட்டது. மாகாணத்தின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்த வழியில் வந்தது. கூலிக்காரனும் நெசவாளியும் சாயங்காலம் செலவழித்த காசில்தான் பள்ளிக்கூடமும் ரோடும் நடந்தன என்று சொன்னால் பெரிய மிகை இல்லை.

கடையை மூடினால் அந்தக் காசு எங்கே போகும்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. ஜே. தாமஸின் பொருளாதாரத் துறை இதை ஆய்வுக்கு எடுத்தது. கலெக்டர் டிக்சனும் அறிக்கை அனுப்பினார். சாப்பாட்டுக்கும் துணிக்கும் போகிறது, கடன் குறைகிறது, டீக்கடை பெருகுகிறது என்பதுதான் சாரம். சாயங்காலத்தை நிரப்ப அதிகாரிகள் பஜனையையும் விளையாட்டையும் ஊக்குவித்தார்கள். எனக்கு இங்கே சிரிப்பு வரும். நாள் முழுக்கத் தறிக்குழியில் கால் மிதித்தவனைப் பார்த்து, வா, ஓடிப்பிடித்து விளையாடலாம் என்றால்? கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு வேலையே போய்விட்டது. அவர்களை வெல்லம் காய்ச்சும் பக்கம் திருப்பப் பார்த்தார்கள்.

பஜனையைவிடப் பெரிய போட்டி அதே ஊரில் தயாராகிக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டுக்காரர் டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பித்தார். முதல் படம் 'சதி அகல்யா' வந்ததும் 1937-ல்தான். ராஜாஜிக்கு சினிமா பிடிக்காது என்பது ஊரறிந்த சங்கதி. 1939-ல் அவருடைய அரசு ரெண்டு வரிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, கள்ளுப்பணம் போன ஓட்டையை அடைக்க விற்பனை வரி. இன்னொன்று கேளிக்கை வரி. ஆக, டிக்கெட் எடுக்கிறவனும் சர்க்காருக்குக் கட்டணும். (அவருடைய கதை 'திக்கற்ற பார்வதி', குடியும் கடனும் ஒரு குடும்பத்தை அழிப்பதைச் சொல்வது, பின்னாளில் 1974-ல் சினிமாவாகவே வந்தது. பார்க்க அவர் இல்லை.)

அறிக்கைகளில் இல்லாத ஒன்றை எங்க அம்மாயி சொல்லியிருக்கிறார். குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டில் வளர்ந்தவர். கடை மூடியபோது ஒன்பது வயசு. "எங்கய்யன் பத்து நாள் யார்கிட்டயும் பேசல. அப்புறம் டீக்கடை பழகிருச்சு. ஒரு நாள் எல்லாரையும் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாரு. எங்காத்தா வாழ்க்கைல மொதத் தடவை தரை டிக்கெட்ல உக்காந்து படம் பார்த்துச்சு" என்பார். படத்தின் பேர் அவருக்கு நினைவில்லை. ஆத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதது நினைவிருந்தது.

இந்த வரியை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கள்ளுக்கடைக்குப் போன காசும் பொழுதுபோக்குச் செலவுதான். ஆனால் அது ஒருத்தருடைய பொழுது. கொட்டகைக்கு அதே காசு போயிருக்கலாம், கூடக்கூடப் போயிருக்கலாம். சிக்கனம் பேசிய தலைவர்களும் ஆய்வாளர்களும் வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். மிச்சப்பட்ட காசில் யாருக்குச் சந்தோஷம் கிடைத்தது என்ற கணக்கை அம்மாயிதான் வைத்திருந்தார்.

ஆடிப்பதினெட்டுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காவிரியைத் தாண்டி பவானி கூடுதுறைக்குப் போவார்களாம். பவானி அப்போது கோயமுத்தூர் ஜில்லா, மதுவிலக்கு கிடையாது. "உங்கய்யன் அங்க கள்ளுக்கடைக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"போகாம? போனாரு. வரும்போது எங்களுக்குப் பொரிகடலை வாங்கிட்டு வந்தாரு."