துருத்தியும் ஒரு எச்.பி. கம்ப்ரஸரும்

வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகை ஒண்ணு போட்டு, அதுக்கு 'ஒர்க்‌ஷாப்'னு பேரும் வெச்சிருக்கேன். வீட்டம்மா அதை 'குடோன்'ங்கறாங்க, அது வேற கதை :-) உள்ள நிக்கிறது அப்பாவோட பஜாஜ் சேட்டக். மேட்டூர்ல இருபத்தஞ்சு வருஷம் ஷிப்டுக்குப் போய் வந்த வண்டி. அப்பா போனப்புறம் துருப்பிடிச்சு நின்னுச்சு. அவரோட திவசத்துக்குள்ள பழைய நீலத்துக்கே கொண்டு வந்துடணும்னு ஒரு வைராக்கியம். அதுக்குத்தான் கம்ப்ரஸர் வாங்கப் போனேன்.

கடைக்காரர் (எந்த ஊர், எந்தக் கடைன்னு கேக்காதீங்க) ஒரு எச்.பி., ஐம்பது லிட்டர் டேங்க் ஒண்ணைக் காட்டி, "எட்டு கிலோ பிரஷர் வரும் சார், போதும்"னார். எட்டு கிலோன்னதும் நான் மயங்கிட்டேன். வீட்டுக்கு வந்து முன் மட்கார்டுல கன்னைப் பிடிச்சேன். ஒரு நிமிஷம் பிரமாதமா அடிச்சது. அப்புறம் முள் இறங்க ஆரம்பிச்சது, கன் துப்ப ஆரம்பிச்சது, நடுவுல தண்ணித் துளி வேற. காய்ஞ்சப்புறம் பாத்தா ஆரஞ்சுப் பழத் தோல்!

பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர் இருக்கார், பழைய கொல்லுப்பட்டறைக்காரர். வந்து மட்கார்டைத் தடவிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது எவ்வளவு வேகமா ஊதும்ங்கறது இருக்கட்டும் தம்பி, விடாம எவ்வளவு நேரம் ஊதும்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால நம்ம சேலத்துச் சரித்திரமே இருக்குன்னு அப்புறம்தான் உறைச்சது.

கஞ்சமலை இரும்புக் கல்லைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். அதை உருக்கினவங்க களிமண்ணுல மூணு நாலு அடி உசரத்துக்கு உலை கட்டுவாங்க. காத்துக்கு ஆட்டுத்தோல் துருத்தி. வயித்தைக் கிழிக்காம முழுசா உரிச்ச தோல், வாயில மூங்கில் குழாய். முக்கியமான விஷயம், துருத்தி ஒண்ணு இல்லை, ரெண்டு. ஒரு கை அமுக்கும்போது இன்னொரு கை தூக்கும். உலைக்குள்ள காத்து அறுபடாமப் போகும். மூணு நாலு மணி நேரம் இப்படியே ஊதினாத்தான் அடியில ஒரு இரும்புக் கட்டி திரளும். இன்னிக்கு ரெட்டை சிலிண்டர் கம்ப்ரஸர்ல பிஸ்டன்கள் மாத்தி மாத்தி ஏறி இறங்கறதும் கிட்டத்தட்ட இதே வித்தைதான்.

இதை உக்காந்து பாத்து எழுதி வெச்ச வெள்ளைக்காரர் ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸில் கம்பெனி சிவில் சர்வீஸ்ல இருந்து அந்த வேலையை விட்டுட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில இரும்பாலை ஆரம்பிச்சவர். தாது சேலத்துலேர்ந்து போச்சு. அங்கே தயாரான இரும்புலதான் வேல்ஸின் மெனாய் பாலமும் பிரிட்டானியா பாலமும் கட்டினாங்கன்னு பெருமையா ஒரு தகவல் சுத்திக்கிட்டே இருக்கு. மெனாய் தொங்குபாலம் திறந்தது 1826. ஆலை வந்தது 1830. கணக்கு நீங்களே போட்டுக்குங்க. (பிரிட்டானியா 1850, அதுல வேணா வாய்ப்பு உண்டு.)

ஹீத் 1851-ல் செத்துப் போனார். அதுக்கப்புறம் வந்த கம்பெனிக்கு நம்ம பக்கத்துலயே ஒரு ஆலை இருந்துச்சு, பூலாம்பட்டியில! மேட்டூர்லேர்ந்து ஆத்தோட கீழே போனா, நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு விடற அதே பூலாம்பட்டிதான். சினிமா ஷூட்டிங் நடக்கிற ஊர்னுதான் நானும் நினைச்சிருந்தேன். ஊது உலைக்குக் கல்லு மட்டும் போதாது, மலைமலையா கரி வேணும். கரிக்குக் காடு வேணும். காடு தள்ளிப்போகப் போக கரி விலை ஏறுச்சு. 1860-கள் முடியறதுக்குள்ள கடையைக் கட்டிட்டாங்க.

ஊது உலைக்குத் தேவை பெரிய அழுத்தம் இல்லை, ஏராளமான காத்து. 1776-ல் இங்கிலாந்தில் ஜான் வில்கின்சன், ஜேம்ஸ் வாட் செஞ்ச நீராவி எஞ்சினைக் கொண்டு வந்து முதல்ல மாட்டினது உலைக்குக் காத்து ஊதத்தான். அழுத்தத்தின் அருமை தெரிஞ்சது ஆல்ப்ஸ் மலையில. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவுல 1857-ல் தோண்ட ஆரம்பிச்ச ரயில் சுரங்கத்துக்குள்ள நீராவி எஞ்சின் வெச்சா புகையிலயே ஆள் செத்துடுவான். அதனால வெளியே தண்ணி விசையில காத்தை அமுக்கி, குழாய் வழியா உள்ள அனுப்பி, 1861-லிருந்து அதுலயே துளை போட்டாங்க. துளை போட்டு முடிஞ்ச காத்து தொழிலாளிக்கு மூச்சுக்கும் ஆச்சு. 1871-ல் ரயில் ஓடிடுச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். 1958-ல் புனேயில கிர்லோஸ்கர் நியூமாட்டிக், 1960-ல் கோயமுத்தூர்ல எல்ஜி எக்விப்மென்ட்ஸ். அதுக்கப்புறம் பஞ்சர் கடை வரைக்கும் கம்ப்ரஸர் இறங்கி வந்துச்சு. பஞ்சர் கடைக்கு எது முக்கியம்? பிரஷர். டயர் ரொம்பினா நிறுத்திடலாம், டேங்க் மறுபடி ரொம்பிக்கும். கடைக்காரர் எனக்கு வித்தது பஞ்சர் கடைக் கணக்கு. பெயிண்ட்டுக்கு வேணும்கிறது உலைக் கணக்கு. அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

கணக்கைப் பாருங்க. ஐம்பது லிட்டர் டேங்க் எட்டு கிலோவிலேர்ந்து அஞ்சுக்கு இறங்கினா வெளியே வர்ற காத்து 150 லிட்டர், அதாவது அஞ்சு கன அடி சொச்சம். என் கன் நிமிஷத்துக்கு எட்டு கன அடி குடிக்குது. ஒரு எச்.பி. பம்ப் நிஜத்துல தர்றது மூணு சொச்சம். மீதி அஞ்சு டேங்க்லேர்ந்து போகணும். ஆக ஒரே நிமிஷம்! மட்கார்டுல நடந்தது அதேதான்.

லேபிள்ல போட்டிருக்கிற சி.எஃப்.எம். பல சமயம் பிஸ்டன் அசையற கொள்ளளவு. வெளியே வர்ற காத்து அதுல முக்கால் பங்கோ அதுக்கும் கீழேயோதான். 'ஃப்ரீ ஏர் டெலிவரி எவ்வளவு?'ன்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா வேற கடை பாருங்க.

பழசை வித்துட்டு (நஷ்டத்தைச் சொல்லப் போறதில்லை) பெல்ட்டுல ஓடற ரெண்டு எச்.பி., ரெட்டை சிலிண்டர் எடுத்தேன். லேபிள்ல எட்டு, நிஜத்துல ஆறுக்குக் கீழே. மூணு எச்.பி.க்கு ஆசைதான், வீட்டு சிங்கிள் பேஸ் லைன் ஒத்துக்காது. அதனால கன்னையும் சின்ன நாசில் உள்ளதா மாத்திட்டேன். தண்ணி பிடிக்க ஒரு ஃபில்டர். தினமும் வேலை முடிஞ்சதும் அடி வால்வைத் திறந்து தண்ணியை வடிச்சுடறேன், இல்லன்னா டேங்க் உள்ளயே துருப்பிடிக்கும். காயலாங்கடையில மலிவா கிடைக்குதேன்னு பழைய டேங்க் வாங்கிடாதீங்க மக்களே. உள்துரு வெளியே தெரியாது, எட்டு கிலோவுல வெடிச்சா கொட்டகை இருக்காது.

போன ஞாயித்துக்கிழமை ஆரஞ்சுத் தோலைத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். பெரியவர் ஸ்டூல் போட்டு உக்காந்து, மோட்டார் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தார். நடுவுல முள் இறங்கலை. "ம்.. இது ஊதுது"ன்னார். முன் மட்கார்டும் ஹேண்டில் பக்கமும் முடிஞ்சது. பக்கத்து டப்பாக்கள் ரெண்டும் பாக்கி, திவசத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு.