சீகேட்டா, டபிள்யூடியா?

திண்டுக்கல்லில் ஸ்டுடியோ நடத்துபவருக்கு ஒவ்வொரு முகூர்த்த சீசனிலும் ஒரு ஹார்ட் டிஸ்க்காவது வாங்கியாக வேண்டும். ஊரார் வீட்டுக் கல்யாணமெல்லாம் அதற்குள் இருக்கிறது. கடையில் காட்டுவது பெரும்பாலும் இரண்டே கம்பெனி: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் (டபிள்யூடி). சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவு 2011-இல் சீகேட்டிடமும், ஹிட்டாச்சியுடையது 2012-இல் டபிள்யூடியிடமும் போய்விட்டன. மிச்சம் தோஷிபா மட்டும்.

விலையில் சீகேட் பெரும்பாலும் கொஞ்சம் மலிவு. அதற்காக மட்டும் அதை எடுக்க வேண்டியதில்லை.

“சீகேட் சீக்கிரம் போய்விடும்” என்ற பேச்சு வெறும் வதந்தியல்ல. இணையவழி பேக்கப் சேவை தரும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் 2012-இல் சீகேட்டின் 3 டெராபைட் டிஸ்க்குகள் 4,190-ஐ மாட்டியது. 2015 மார்ச் முடிவில் வேலையில் இருந்தவை 251. ஆனால் அதே நிறுவனத்தில் சீகேட்டின் 4 டெராபைட் டிஸ்க்குகள் ஆயிரக்கணக்கில் பல வருடம் ஓடின. கெட்டது அந்த மாடல். பழி மொத்தக் கம்பெனிக்கும் வந்தது.

டபிள்யூடி செய்ததுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. நெட்வொர்க்கில் இணைத்துப் பலரும் பயன்படுத்தும் நாஸ் பெட்டிக்கென்றே விற்ற ரெட் வரிசையில், 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமல் புகுத்தியது 2020-இல் வெளியே வந்தது. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்த அடுத்தடுத்ததையும் திரும்ப எழுத வேண்டும். பெரிய வீடியோவைக் காப்பி செய்யும்போது பாதியில் வேகம் படுத்துவிடும். சீகேட்டின் பாரகுடா வரிசை சிலவற்றிலும் இது உண்டு. ஆனால் நாஸுக்கான அயர்ன்உல்ஃபில் இல்லை.

சத்தத்துக்குக் காரணம் சுழற்சி. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் விநாடிக்கு 90. 7200 என்றால் 120. டபிள்யூடி “5400 வகுப்பு” என்று அச்சிட்டு விற்ற 8 டெராபைட் டிஸ்க்கின் இரைச்சலைப் பதிவுசெய்து அலசியவர்களுக்குக் கிடைத்தது 120 ஹெர்ட்ஸ், அதாவது 7200 சுற்று! சுழற்சி கூடினால் சூடும் கூடும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத எடிட்டிங் அறையில் சத்தத்தைவிடச் சூடுதான் பெரிய எதிரி. பழைய வீடியோக்களைச் சேர்த்துவைக்க நிஜமான 5400 போதும்.

கடைக்கான சிசிடிவிக்கு டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டுமே 24 மணி நேரமும் எழுதுவதற்கென்று செய்தவை. எதை வாங்கினாலும் குறையில்லை. சாதாரண டிஸ்க்கை மட்டும் டிவிஆரில் மாட்டாதீர்கள்.

கல்யாண வீடியோவுக்கு என் தீர்ப்பு: ஒரே கம்பெனியில் இரண்டு வேண்டாம். இதில் ஒன்று, அதில் ஒன்று வாங்கி இரண்டிலும் காப்பி வையுங்கள். வாங்குமுன் மாடல் எண்ணைப் பார்த்து எஸ்எம்ஆர் இல்லையென்று உறுதி செய்யுங்கள். பில் போடுமுன் சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் தட்டி, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பாருங்கள். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று அடிக்கத் தொடங்கினால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.