கூழும் கீரையும்: ராஜபாளையம் நாயின் உணவு வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒருபுறம் மலைக்காட்டையும் மறுபுறம் கரிசல் நிலத்தையும் கொண்டவை. உழுத நிலத்தையும் ‘காடு’ என்றே சொல்லும் இவ்வட்டாரத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது, வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட கால்களும் கொண்ட ராஜபாளையம் நாய். பாளையக்கார நாய் என்றும் அறியப்பட்ட இவ்வினத்தின் தோற்றமும் வேகமும் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளன. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இதற்கு அஞ்சல் தலையும் வெளியிட்டது. இதன் உணவுத் தட்டைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு, ஆயினும் ஊரின் வேளாண்மை வரலாறு அத்தட்டில்தான் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

நாய்க்கெனத் தனியே உலை வைக்கும் வழக்கம் உழவர் வீடுகளில் இல்லை. கம்பும் சோளமும் கேழ்வரகும் வீட்டார் உண்ணும் கூழாகியபோது அதில் ஒரு பங்கு நாய்க்கும் சென்றது. வேட்டை வாய்த்த நாளில் இறைச்சிக் கழிவும் எலும்பும் அதனுடன் சேர்ந்தன. பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரைச் சூழ்ந்த கறவை மாட்டு வளத்தால் கூழைக் கரைக்க மோருக்குக் குறைவில்லை. வளர்ந்த நாய்களில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால், புளிக்கும்போது அச்சர்க்கரையின் ஒரு பகுதியை இழந்துவிட்ட மோர் அவற்றுக்குப் பாலைவிட ஒத்துக்கொள்ளக்கூடியதாகும்.

கீரை இத்தட்டுக்கு வந்த வழியும் வீட்டு அடுப்படியே. மழைக்குப் பின் கரிசலில் தானே முளைக்கும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும், கொல்லையில் நிற்கும் முருங்கையும், தோட்டத்துச் சிறுகீரையும் தண்டுக்கீரையும் சட்டியில் வெந்து, மத்தால் கடையப்பட்டு, சோற்றிலோ கூழிலோ சேர்ந்தன. நாயின் குடல் குறுகியது. இலையின் உயிரணுச் சுவரை உடைக்கும் ஆற்றல் அதற்கு இல்லாததால் பச்சை இலை பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். மத்து அந்தச் சுவரை முன்கூட்டியே உடைத்து, கீரையின் மஞ்சள் நிறமியான பீட்டா கரோட்டினை உடல் ஏற்கும்படி செய்கிறது. பூனையால் இயலாத ஒன்றாக, அந்நிறமியைக் கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ ஆக மாற்றும் திறன் நாய்க்கு உண்டு. ஆகவே கடைந்த கீரை நாய்க்கு வயிற்றை நிரப்பும் மிச்சமாக மட்டும் அமையவில்லை.

தீங்கு பெரும்பாலும் இலையைவிட அதனுடன் சேர்வதிலேயே இருந்தது. கீரையோடு வேகும் பூண்டிலும் தாளிப்பில் விழும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 15 கிராம் வெங்காயம் இரத்தத்தில் மாற்றம் உண்டாக்கப் போதுமானது; பூண்டின் வீரியம் அதனினும் மிகுதி. ஈறு வெளிறுவதும் சிறுநீர் கருஞ்சிவப்பாவதும் சில நாள் கழித்தே தெரிவதால், காரணத்தை முன்பு உண்ட கடைசலோடு இணைத்துக் காண்பது எளிதன்று. பல தலைமுறைகளாக இவ்வழக்கம் பெருங்கேடின்றித் தொடர்ந்ததற்கு, வெங்காயம் பாதுகாப்பானதாக இருந்தது என்பதைவிட, நாய்க்குக் கிடைத்த மிச்சம் சிறிதாக இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம். எனவே வெங்காயமும் பூண்டும் உப்பும் மிளகாயும் சேருமுன்பே நாயின் பங்கை எடுத்துவைப்பது அவசியமாகிறது.

இலையிலும் ஒரு கவனம் வேண்டும். பசலையிலும் தண்டுக்கீரை வகைகளிலும் மிகுந்துள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணைப்பதோடு, சிறுநீர்ப்பைக் கல்லுக்கும் இடம் தரக்கூடும். நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டினால் கரையும் பகுதி பெருமளவு நீங்கும். கீரை நீரைச் சாறாக்கி உண்ணும் வீட்டு வழக்கம் நாயின் தட்டுக்குப் பொருந்தாது. முதன்மை உணவுக்கு மேல் தரும் அனைத்தும் சேர்ந்து நாளின் ஆற்றல் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவரின் பொது அளவு.

கூழுண்ட நாயின் வரலாறு உலக வரலாற்றோடும் இணைகிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் படிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு உண்டு என்பதை 2013ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு காட்டியது. உழவரின் தானியத்தைப் பகிர்ந்துகொண்டதன் சுவடு அது. லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் 1860களில் விற்ற நாய் பிஸ்கட்டிலும் கோதுமையோடு காய்கறி சேர்ந்திருந்தது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் மலைக்காடு பாதுகாக்கப்பட்டது. காட்டில் ஓடிய நாய் தோப்புக் காவலுக்கும் வீட்டு முற்றத்துக்கும் மாறியபோது அதன் உழைப்பும் பசியும் மாறின. பருத்தி பரவிய கரிசலில் பூச்சிமருந்து தெளித்த வரப்பின் கீரை முன்போல நம்பிப் பறிக்கத்தக்கதன்று. மாட்டுக்கு வைக்கும் பருத்திக்கொட்டையும், அதிலுள்ள கோசிபால் எனும் நஞ்சால், நாய்க்கு ஆகாது. கம்புக்கூழின் இடத்தில் அரிசிச் சோறும் பொட்டலத் தீவனமும் வந்துவிட்ட பின்னும், கொல்லை முருங்கையின் கொழுந்தை வேகவைத்து, வடித்து, மசித்து, தாளிப்புக்கு முன் ஒரு கரண்டி ஒதுக்கிவைப்பதற்கு உழவர் வீடுகளில் சட்டியும் மத்துமே போதும்.