கறியைக் கரைக்கும் குடல், தன்னையே ஏன் கரைப்பதில்லை?

முட்டை, மீன், கறி என எது உள்ளே போனாலும் அதிலுள்ள புரதத்தை வெட்டித் துண்டாக்குபவை புரோட்டியேஸ் என்சைம்கள். நம்ம குடல் சுவரிலும் புரதம் இருக்கே, அது மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

முதல் பாதுகாப்பு, மேலே படிந்திருக்கும் சளிப் படலம். அடுத்தது புரோட்டியேஸ் தடுப்பான்கள். கத்திக்கு உறை போடுவது போல, என்சைமின் வெட்டும் பகுதியில் இவை ஒட்டிக்கொள்ளும். குடல் செல்களே சுரக்கும் எலாஃபின் இதில் முக்கியமானது.

சிக்கல் எப்போது?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோயில், குவியும் வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ் என்ற புரோட்டியேஸைக் கொட்டுகின்றன. எலாஃபினோ குறைந்துவிடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. செல்களுக்கு இடையிலான இணைப்புகள் அறுபட, பாக்டீரியா உள்ளே நுழைகிறது. இதனால் இன்னும் வெள்ளை அணுக்கள் வருகின்றன. புண் பெரிதாகிறது.

புண் எப்படி ஆறும்?

குடலின் உட்புறச் செல்கள் சுமார் 3 முதல் 5 நாட்களில் புதுப்பிக்கப்படுபவை. வெட்டு நின்றால் போதும், புதிய செல்கள் புண்ணை மூடத் தொடங்கும். எலாஃபின் சுரக்கும்படி மாற்றப்பட்ட லாக்டிக் அமில பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது அழற்சி குறைந்ததாக 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்து வந்தாச்சா?

எலாஃபின் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஹெச்ஐவிக்குத் தரப்படும் 'புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர்' மாத்திரை வைரஸின் என்சைமைத் தடுப்பது. குடல் புண்ணுக்கானது அல்ல. மலத்தில் ரத்தம் வந்தாலோ, வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலோ தாமதிக்காம டாக்டரைப் பாருங்க.