பிரித்து மேய்ந்த கூரைகள்

ஒரு செய்தியை அக்குவேறு ஆணிவேறாக அலசுவதைப் 'பிரித்து மேய்தல்' என்று இன்றைய பேச்சுத்தமிழ் குறிக்கிறது. அத்தொடர் பிறந்த இடம் கூரையாகத்தான் இருக்க வேண்டும். நாட்டு ஓடு போட்ட வீடுகளில் ஓடுகளை வரிசை வரிசையாக இறக்கி, உடைந்தவற்றைக் கழித்து, நல்லவற்றைத் துடைத்து மீண்டும் அடுக்கும் வேலைக்கு அதுவே பெயர். 'ஓடு மாற்றுதல்' என்றாலும் பொருள் ஏறத்தாழ அதுதான். மாறியது பெரும்பாலும் ஓடன்று, அது இருந்த இடமே.

குயவர் சக்கரத்தில் குழாய் போல வனைந்து, முழுதும் உலர்வதற்குள் நெடுக்காக இரண்டாகப் பிளந்து, சூளையில் சுட்டெடுத்த அரைவட்ட ஓடே நாட்டு ஓடு. ஒரு வரிசையை மல்லாத்திப் பரப்பி, அடுத்தடுத்த வரிசைகளின் விளிம்புகள் சேருமிடத்தில் இன்னொரு வரிசையைக் கவிழ்த்து வைப்பர். மல்லாந்த ஓடு மழைநீருக்கு வாய்க்காலாகவும் கவிழ்ந்த ஓடு அதற்கு மூடியாகவும் அமையும். ஆணியும் கொக்கியும் இல்லாத அந்த ஓடு, கைமரங்கள் எனப்படும் சாய்வு மரங்களின் குறுக்கே கட்டிய வரிச்சுகளின் மேல் தன் எடையாலும் அண்டை ஓடுகளின் அணைப்பாலும் மட்டுமே நின்றது. எனவே பூனையும் அணிலும் குரங்கும் ஓடியாடவும் காற்று அலைக்கவும் அது சிறுகச் சிறுக நழுவியது. இடுக்கில் சருகு அடைந்து நீர் தேங்கியது. வரிச்சைக் கறையான் அரித்தது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே கூரையில் ஆளேற்றுவது, வயலுக்கு வரப்பு வெட்டுவதைப் போல வீட்டுக்குரிய பருவ வேலையாயிற்று.

இச்சுழற்சியைக் குலைத்த ஓடு மேலைக்கடற்கரையிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள் 1841-இல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். அவ்வகை ஓட்டை, பாசல் மிஷன் என்னும் கிறித்தவ மறைப்பணி அமைப்பைச் சேர்ந்த ஜெர்மானியரான ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூரின் ஜெப்பு பகுதியில் தொழிற்சாலை அமைத்து, நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண்ணைக் கொண்டு செய்யத் தொடங்கினார். மங்களூர் மண்ணில் பிறந்தும் தமிழர் வாயில் அது 'சீமை ஓடு' ஆனது. அந்நாளில் எந்திரத்தில் அழுத்திச் செய்தது எதுவாயினும் சீமைச் சரக்குத்தான் போலும்.

சீமை ஓட்டின் அடியிலுள்ள முனைப்பு சட்டத்தைப் பற்றிக்கொள்ள, அதன் ஓரப் பள்ளங்கள் பக்கத்து ஓட்டைக் கவ்வின. ஓடு நழுவாமல் நின்றதால் ஆண்டுதோறும் கூரையைப் பிரிக்க வேண்டிய தேவை குறைந்தது. உடைந்த ஓட்டை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் போதும் என்றாயிற்று. 'மாற்றுதல்' என்ற சொல் அப்படியே இருக்க, அதன் பொருள் அடுக்கைப் புதுப்பிப்பதிலிருந்து ஓட்டைப் புதுப்பிப்பதற்கு நகர்ந்தது. ஊர்க் குயவர் சூளையில் கிடைத்த ஓட்டின் இடத்தைத் தொலைவூர்த் தொழிற்சாலையின் அச்சு பிடித்துக்கொண்டது. இந்த இழப்பு, மழைக்கு ஒழுகாத கூரையின் மகிழ்ச்சியில் அதிகம் பேசப்படவில்லை.

ஆனால் அந்த அச்சே புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பள்ளத்தின் அளவு சற்றே வேறுபடுவதால், ஓரிடத்து ஓடு மற்றோரிடத்து ஓட்டோடு சரியாகப் பொருந்துவதில்லை. பழைய வீட்டில் ஓர் ஓடு உடைந்தால், கூரை வேலை தெரிந்தவர் முதலில் அதைக் கவிழ்த்து, அடிப்புறத்தில் பதிந்துள்ள ஊர்ப்பெயரையும் முத்திரையையும் பார்த்துவிட்டு, இடித்த வீடுகளின் ஓடு விற்கும் இடங்களில் அதே முத்திரையைத் தேடிப் புறப்படுகிறார்.