மேதாவி

ஆரணியை அடுத்த சேவூரில், பட்டுத்தறிகள் ஓயாது இயங்கும் வீடொன்றில் பிறந்து, உபாத்தியாயர் கணக்கைச் சொல்லி முடிக்குமுன்னரே விடை கூறிவிடும் ஒரு சிறுவனைப் பிறர் ‘பெரிய மேதாவி’ என்றழைத்தால், அது புகழ்ச்சியன்று, பரிகாசமே என்பது நம்மில் யாருக்கும் விளங்கும். அந்தச் சொல்லோ கௌரவமான குலத்தில் பிறந்தது. அதன் வேரான ‘மேதா’ என்பதற்கு, அறிந்ததை நழுவவிடாது தரித்து வைக்கும் புத்தி என்றே வடமொழி நிகண்டான அமரகோசம் பொருளுரைக்கிறது. தமிழ் நீதிநூலான முதுமொழிக்காஞ்சியோ மேதையினும் கற்றதை மறவாமையே சிறந்தது என்று இரண்டையும் பிரித்துவிடுவதால், தமிழுக்குள் வந்த மேதை நினைவாற்றலை விட்டுக் கூர்மையின் பக்கம் சாய்ந்துவிட்டதாகவே கொள்கிறேன். ‘மேதை’ இன்றும் மதிப்பிழக்கவில்லை. நாம் கணித மேதை என்று கொண்டாடும் ராமாநுஜன், 1904-இல் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்து, கணிதம் ஒன்றிலேயே லயித்து ஏனைய பாடங்களில் தவறியதால் அதனை இழந்தார் என்பது வேறு விஷயம். அத்தகைய சிறுவனைக் குறிக்கத் தமிழில் ‘சூட்டிகை’ உண்டு. ஆனால் அது கைகால் சுறுசுறுப்பையும் சேர்த்தே சுட்டும். பள்ளிகளில் இப்போது வழங்கும் ‘மீத்திறன்’ எனக்கு உவப்பானது. ‘மீ’ மேலிடத்தைக் குறிப்பது. ‘திறன்’ குறளில் தகுதி, முறை என்ற பொருளிலும் வருவது. ஆகவே, வகுப்பைக் கடந்து நிற்பவனுக்கு முடித்த கணக்கையே மீண்டும் பத்துமுறை எழுதக் கொடுப்பது, அந்தப் பழைய பொருளிலும் திறனன்று.